பூமாலை சொன்ன மீதி

விழுப்புரம்
6.2.1983

அன்புத் தங்கை கிருஷ்ணவேணிக்கு,

அண்ணன் நடராசன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் ஒருவர் மாற்றி ஒருவர் வைத்தியம் பார்த்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறோம். அவளுக்கு இடது கண்ணில் புரை. சித்திரைக்கு மேல் அறுக்கலாம் என்கிறார்கள். எனக்குச் சர்க்கரை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. உன் முழங்கால் வலி எப்படி? பள்ளிக்கூடத்துப் படிக்கட்டைக் கொஞ்சம் பார்த்து ஏறு.

ஒரு சந்தோஷமான சமாச்சாரம். பெரிடன் துரையிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது! வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் அட்டை வரும், உனக்குத் தெரியும். இது அட்டை இல்லை, நான்கு பக்கக் கடிதம். ஜில்லா கோர்ட்டில் நான் மொழிபெயர்ப்பாளனாக அவர் பக்கத்தில் நின்றது மூன்றே வருஷம். அவர் சீமைக்குத் திரும்பி முப்பத்தாறு வருஷமாகிறது. அங்கே ஹைகோர்ட் ஜட்ஜாகி, சர் பட்டம் வாங்கி, அப்பீல் கோர்ட் வரைக்கும் போய் ரிடையர் ஆன மனிதர், என்னை மறக்கவில்லை பார்.

உனக்காகத் தமிழில் எழுதுகிறேன்:

"அன்புள்ள நடராசன், எனக்கு எழுபத்து நான்கு வயது. ரத்தத்தில் நோய். இந்த வருஷத்தைத் தாண்டுவது கஷ்டம் என்கிறார்கள் டாக்டர்கள். வாழ்க்கை வரலாற்றை எழுதச் சொல்லி மகள் நச்சரிக்கிறாள். எழுத உட்கார்ந்தால் லண்டன் கோர்ட்டுகள் ஞாபகத்துக்கு வருவதில்லை. திண்டிவனத்தில் நான் சப் கலெக்டராக இருந்தபோது, தமிழ் சொல்லித் தந்த முன்ஷி ஒருவர் என் நாக்கை மடக்கி ழகரம் சொல்ல வைத்தாரே, அந்த வராந்தாதான் வருகிறது. மனைவி போய் ஆறு வருஷம். நீயும் உன் மனைவியும் சௌக்கியமா? பதில் எழுது. ஹியூ பெரிடன்."

அவ்வளவுதான் கடிதம். படித்ததிலிருந்து பழைய ஞாபகமாகவே இருக்கிறது.

உன் நலம் எழுது.

அண்ணன்,
நடராசன்

*

திண்டிவனம்
17.2.1983

அன்புள்ள அண்ணனுக்கு,

கிருஷ்ணவேணியின் வணக்கம். அண்ணியின் கண்ணைத் தள்ளிப் போடாதீர்கள். என் முழங்கால் என்னோடு ஒத்துப்போய்விட்டது. அடுத்த வருஷம் ரிடையர் ஆகும் வரை அது தாங்கினால் போதும்.

உங்கள் கடிதத்தை ஆசிரியர் அறையில் சத்தமாகப் படித்தேன். எங்கள் அண்ணனுக்கு லண்டன் ஜட்ஜ் கடிதம் எழுதுகிறார் என்ற பெருமைதான். அஞ்சம்மாள் அங்கே பெருக்கிக்கொண்டிருந்தாள். இந்தப் பள்ளிக்கூடத்தில் பதினோரு வருஷமாகப் பெருக்கித் தண்ணீர் பிடித்து வைப்பவள். துரை பெயரைக் கேட்டதும் துடைப்பம் நின்றுவிட்டது.

"டீச்சரம்மா, எங்கப்பாவத் தூக்குல போட்ட தொரையும் அதே பேருதாங்க" என்றாள்.

அவள் அப்பா கொலைக் கேசில் தூக்கில் போனவர் என்பது எனக்குத் தெரியும். அது பெரிடன் துரை கோர்ட்டில் என்று தெரியாது. அப்பா பெயர் பூமாலை. மயிலத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் கூலி வேலை. தன் மைத்துனன் துரைக்கண்ணுவைக் கிணற்றில் தள்ளிக் கொன்றதாகக் கேசு. அஞ்சம்மாளுக்கு அப்போது மூன்று வயதாம்.

"ஒங்க அண்ணன் அங்க இருந்திருப்பாருங்களா? எங்கப்பா என்னா சொன்னாருன்னு கேட்டுச் சொல்றீங்களா? எங்கம்மாவக் கேட்டா பேச்சே கெடையாது. செத்தது அவுங்க கூடப் பொறந்த தம்பி இல்லீங்களா?" என்று கேட்டாள்.

உங்களுக்கு ஞாபகம் இருந்தால் இரண்டு வரி எழுதுங்கள், அவளுக்குச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
கிருஷ்ணவேணி

*

விழுப்புரம்
20.3.1983

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம் என்பதைத் தவிர விசேஷமில்லை. கிணறுகள் வறண்டு கிடக்கின்றன. தெருக்குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

பெரிடன் துரையைப் பற்றி நீ இன்னும் தெரிந்துகொள்ள வேண்டும். பாதிரியார் மகன். இருபத்து மூன்று வயதில் கப்பலேறி வந்தார். திண்டிவனத்தில் இருந்தபோது குதிரையிலேயே மயிலம் வரை போய், களத்துமேட்டில் உட்கார்ந்து குடியானவர்களோடு பேசிப் பேசித் தமிழ் பிடித்தவர். ஜட்ஜாக வந்தபோது பாதி சாட்சியத்தை நான் சொல்லும் முன்பே எழுதிவிடுவார். அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

சுதந்திரம் வந்ததும் திரும்பிப் போனார். லண்டனில் வக்கீலாக முதல் மூன்று வருஷம் கட்சிக்காரர்களே கிடையாது, பள்ளிக்கூடத்தில் லத்தீன் சொல்லிக் கொடுத்தாராம். பிறகு மெல்ல மெல்ல மேலே வந்தார். அப்பீல் கோர்ட்டில் அவர் கொடுத்த ஒரு தீர்ப்பை அங்கே பெரிதாகப் பேசினார்கள். பஞ்சாபிலிருந்து போன ஒரு மில் தொழிலாளி. அவன் சொன்னதையெல்லாம் மொழிபெயர்ப்பாளர் சுருக்கிச் சொல்லிவிட்டார். துரை அந்தத் தண்டனையையே ரத்து செய்துவிட்டார். "சாட்சி பேசி முடிக்கும் வரை நீதிபதியின் பேனா காத்திருக்க வேண்டும்" என்று தீர்ப்பில் எழுதினாராம். பத்திரிகைத் துண்டு எனக்கு அனுப்பியிருந்தார். என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

உன் அண்ணி கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அண்ணன்,
நடராசன்

*

திண்டிவனம்
28.3.1983

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். அண்ணிக்கு என் அன்பு. தண்ணீர்க் கஷ்டம் இங்கேயும்தான்.

நான் கேட்டது ஒன்று, நீங்கள் எழுதியது வேறு. பூமாலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஞாபகம் இல்லை என்றால் இல்லை என்றாவது எழுதியிருக்கலாம். அஞ்சம்மாள் தினமும் என் முகத்தைப் பார்க்கிறாள்.

இன்னொன்றும் தோன்றுகிறது. துரை எழுதியது நான்கு பக்கம் என்றீர்கள். நீங்கள் எனக்குத் தமிழில் எழுதியது அரைப் பக்கம்கூட வராது. மீதியில் என்ன இருந்தது?

போன ஞாயிற்றுக்கிழமை அஞ்சம்மாளின் தாயார் சின்னபொண்ணுவைப் பார்த்தேன். அறுபது வயதுதான் இருக்கும், எண்பது போலத் தெரிகிறார். கட்டியவன் தம்பியைக் கொன்றான், கட்டியவனை சர்க்கார் கொன்றது. இரண்டு சாவையும் மடியில் போட்டுக்கொண்டு முப்பத்தேழு வருஷம் நாற்று நட்டே இந்தப் பெண்ணை வளர்த்திருக்கிறார். நான் யாருடைய தங்கை என்று அவர் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியவில்லை.

கிருஷ்ணவேணி

*

விழுப்புரம்
9.6.1983

கிருஷ்ணவேணிக்கு,

உன் அண்ணிக்குக் கண் அறுத்தாயிற்று, நன்றாக இருக்கிறாள். இரண்டு மாதமாகப் பதில் போடாததற்கு அதையே காரணமாகச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அது காரணமில்லை.

துரையின் கடிதத்தில் நான் உனக்கு எழுதாமல் விட்டது இது:

"நடராசன், பூமாலை என்ற கைதியை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? 'நான்தான் கொன்றேன்' என்று அவன் சொன்னது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது. அதற்கு மேலும் அவன் ஏதோ சொன்னான். நான் எழுதிக்கொண்டிருந்தேன். நீ வாயைத் திறந்ததைப் பார்த்தேன். வேண்டாம், எனக்குப் புரிந்தது என்று கையைக் காட்டினேன். பிறகு எத்தனையோ கோர்ட்டுகளில் உட்கார்ந்தேன். யாராவது மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறந்தாலே எனக்கு உன் முகம்தான் தெரியும். அவன் மீதி என்ன சொன்னான்? நான் போவதற்குள் எனக்குத் தெரிய வேண்டும். மறைக்காதே."

எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு எழுத்து விடாமல் இருக்கிறது.

பூமாலை விசாரணை முழுக்க அழுதுகொண்டேதான் இருந்தான். முதல் நாள் இருவருக்கும் சண்டை என்று இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள். சர்க்கார் வைத்துக் கொடுத்த வக்கீல் அன்று காலைதான் கேசுக் கட்டைப் பிரித்தார். நீ என்ன சொல்கிறாய் என்று துரை தமிழிலேயே கேட்டார். பூமாலை கூண்டைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"நான்தான் சாமி அவனக் கொன்னுட்டேன்."

துரை பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். அவன் நிறுத்தவில்லை. விசும்பிக்கொண்டே சொன்னான்:

"காச்சலா இருக்குதுன்னு நான் கீழ குந்திக்கினு, தண்ணி எறைக்க ஏத்தத்து மேல நீ ஏறி மிதிடான்னு நான்தான அனுப்புனேன். கால் வழுக்கிக் கெணத்துல உழுந்துட்டான் சாமி. நான் ஏறியிருந்தா அவன் இருந்திருப்பானே."

பிள்ளையைப் பறிகொடுத்தவள் 'நானே கொன்னுட்டேனே' என்று மாரில் அடித்துக்கொள்வதில்லையா, அந்த மாதிரிச் சொன்ன சொல். தமிழனுக்குப் புரியும். தமிழ் படித்த துரைக்குப் புரியவில்லை. நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டினார். நான் மூடிக்கொண்டேன்.

நடராசன்

*

திண்டிவனம்
14.6.1983

அண்ணா,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அஞ்சம்மாளிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

முதலில் துரைக்கு எழுதுங்கள். சாகக் கிடக்கிற மனிதர் கேட்டிருக்கிறார். பிப்ரவரியில் வந்த கடிதத்துக்கு ஜூன் வரை பதில் இல்லை. உடனே எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணவேணி

*

விழுப்புரம்
2.8.1983

அன்புத் தங்கைக்கு,

துரைக்கு எழுதிவிட்டேன். பூமாலை சொன்னதை முழுக்கத் தமிழில் எழுதி, கீழே இங்கிலீஷிலும் எழுதினேன். நான் சொல்ல வந்ததும், அவர் தடுத்ததும் உண்மைதான் என்று எழுதினேன். தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால் மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது உனக்கு மட்டும்.

கைதி சொன்னதை ஜட்ஜ் எழுதி முடித்த பிறகு, மொழிபெயர்ப்பாளன் அதை அவனுக்குத் தமிழில் படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்க வேண்டும். அது சட்டம். துரை காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போனார். கூண்டுக்குப் பக்கத்தில் நானும் பூமாலையும் ஒரு கான்ஸ்டபிளும்தான்.

நான் படித்தேன். "நான்தான் அவனைக் கொன்றேன். இதுதானே நீ சொன்னது?"

அவன் என் முகத்தையே பார்த்தான். "ஆமாங்க சாமி. நான் சொன்னது எல்லாத்தையும் எழுதிக்கினீங்களா?"

"எழுதியாச்சு" என்றேன்.

அவன் கும்பிட்டுவிட்டுக் கட்டை விரலை நீட்டினான். நான் மை தடவினேன்.

மேல்கோர்ட் அந்தக் காகிதத்தைத்தான் படித்தது. என் வேலையை நிரந்தரமாக்கும் பைல் அந்த வாரம் துரை மேஜையில் இருந்தது. அவருடைய தமிழில் தப்பு என்று அத்தனை பேர் முன்னால் சொல்லப் பயந்தேன். அது மட்டும்தானா என்று இப்போது என்னையே கேட்கிறேன். பூமாலை நம் நிலத்தில் களை எடுக்கிற ஆட்களில் ஒருவனைப் போல இருந்தான். நம் ஜாதிக்காரன் ஒருவன் அந்தக் கூண்டில் நின்றிருந்தால் நான் துரை பின்னாலேயே ஓடியிருப்பேன். அதுவும் எனக்குத் தெரியும்.

இதை நான் துரைக்கு எழுதவில்லை.

நடராசன்

*

திண்டிவனம்
7.9.1983

அண்ணனுக்கு,

ஒரு மாதம் உங்களுக்கு எழுதக் கை வரவில்லை. இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். என்னைப் படிக்க வைத்தது உங்கள் சம்பளம். டீச்சர் டிரெயினிங்குக்கு என்னைச் சேர்த்தது நாற்பத்தேழில். கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அந்த வெள்ளைக்காரர் தானாகவே வந்து, தப்பு செய்தேனா என்று கேட்டார். நீங்கள் அவர் தலையில் முழுப் பழியையும் போட்டுவிட்டு உங்கள் பங்கை எடுத்து ஒளித்துவைத்தீர்கள். அவருக்கும் பாதி மட்டும்தான் சொல்லியிருக்கிறீர்கள். மீதியை இன்றைக்கே எழுதுங்கள். எழுதிய பிறகு எனக்குக் கடிதம் போடுங்கள், அதுவரை வேண்டாம்.

அண்ணி கண்ணுக்குச் சொட்டு மருந்தை நிறுத்த வேண்டாம் என்று சொல்லவும்.

கிருஷ்ணவேணி

*

விழுப்புரம்
18.10.1983

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்த அன்றே துரைக்கு எழுதிவிட்டேன். 'எழுதியாச்சு' என்று நான் சொன்னதையும் எழுதினேன். நேற்று அவர் மகளிடமிருந்து பதில் வந்தது. இந்தத் தடவை எதையும் விடாமல் எழுதுகிறேன்.

"ஐயா, உங்கள் முதல் கடிதம் ஆகஸ்ட் நடுவில் வந்தது. அப்பா தமிழ் எழுத்தைக் கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். கீழே இருந்த ஆங்கிலத்தை அவர் பார்க்கவே இல்லை. படித்து முடித்ததும் புத்தகத்துக்காக எழுதியிருந்த முந்நூறு பக்கத்தையும் அடுப்பில் போடச் சொன்னார். நான் போடவில்லை, ஆனால் அச்சுக்குக் கொடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். பழைய நண்பர்கள் வந்தார்கள், உங்களைப் போல நிதானமான நீதிபதியை நாங்கள் பார்த்ததில்லை என்றார்கள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி இறந்துபோனார். உங்கள் இரண்டாவது கடிதம் அடக்கம் முடிந்து நான்காம் நாள் வந்தது. நான் படித்தேன். அவருக்குப் படித்துக் காட்ட முடியாமல் போய்விட்டது. இத்துடன் இருப்பது அவர் கைப்பட எழுதியது. உரியவர்களிடம் சேர்க்க வேண்டும் என்றார்."

அவள் 'முடியாமல் போய்விட்டது' என்று எழுதியிருக்கிறாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை.

அந்தக் காகிதத்தை இதனுடன் அனுப்புகிறேன். தமிழில்தான் எழுதியிருக்கிறார், எழுத்து ஏறி இறங்கிக் கிடக்கிறது. பூமாலையை 'அவர்' என்று குறிப்பிட்டிருக்கிறார். கோர்ட்டில் நாங்கள் யாரும் அவனை அப்படிச் சொன்னதில்லை.

நீ ஆகஸ்ட் முழுக்க எழுதாமல் இருந்ததால்தான் தாமதமாகிவிட்டது என்று நினைக்காதே. எனக்குப் பிப்ரவரியிலிருந்தே நேரம் இருந்தது.

நடராசன்

*

திண்டிவனம்
31.10.1983

அண்ணனுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை அஞ்சம்மாள் வீட்டுக்குப் போனேன். சின்னபொண்ணு வாசலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். அஞ்சம்மாளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு துரையின் காகிதத்தைப் படித்தேன்.

"பூமாலையின் குடும்பத்தாருக்கு. பூமாலை கொலை செய்யவில்லை. அவர் பேசி முடிக்கும் முன் நான் எழுதி முடித்தேன். நடராசன் சொல்ல வந்தார். நான் தடுத்தேன். குற்றம் என்னுடையது. ஹியூ பெரிடன்."

சின்னபொண்ணு கை நிற்கவில்லை. "இன்னொரு தபா படிங்க" என்றார். படித்தேன். மூன்றாம் தடவையும் படிக்கச் சொன்னார். பிறகு "நடராசன்றது யாரு?" என்று கேட்டார்.

"எங்க அண்ணன்" என்றேன். சொல்லிவிட்டு, காகிதத்தில் இல்லாததையும் சொன்னேன். கைநாட்டு வாங்கியதையும், நீங்கள் சொன்ன வார்த்தையையும். நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருக்க என்னால் இனிமேல் முடியாது.

அஞ்சம்மாள் எழுந்து உள்ளே போனாள். இன்று பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. இனி என் முகத்தில் விழிப்பாளோ என்னவோ.

சின்னபொண்ணு உரிப்பதை நிறுத்தாமலே சொன்னார். "வெள்ளக்காரரு எழுதுனது இருக்கட்டும்மா. எங்கூட்டுக்காரரு வாயால சொன்னது இன்னான்னு, காதால கேட்ட ஆளு வந்து எங்கையில சொல்லட்டும். ஒங்க அண்ணன வரச் சொல்லுங்க."

வாருங்கள்.

கிருஷ்ணவேணி

*

விழுப்புரம்
14.11.1983

அன்புத் தங்கைக்கு,

இருட்டுவதற்குள் வந்து சேர்ந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நீ கேட்டுக்கொண்டே வந்தாய், நான் வாயைத் திறக்கவில்லை. உன்மேல் வருத்தமில்லை. பேசினால் அங்கேயே உட்கார்ந்துவிடுவேனோ என்று பயம்.

உன்னையும் அஞ்சம்மாளையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுச் சின்னபொண்ணு என்னை உள்ளே கூப்பிட்டார். பாய் போட்டார். நான் உட்காரவில்லை. "சொல்லுங்க" என்றார்.

பூமாலை எப்படிச் சொன்னானோ அப்படியே சொன்னேன். அவன் பேச்சிலேயே, 'நான்தான் சாமி' என்று தொடங்கி, 'அவன் இருந்திருப்பானே' என்பது வரைக்கும். நடுவில் நிறுத்தினேன். "நிக்காதீங்க, முழுசாச் சொல்லுங்க" என்றார். முழுசாகச் சொன்னேன்.

"காச்சலுன்னு சொன்னாரா?"

"சொன்னாரும்மா."

"காச்சல்தான். மூணு நாளா காச்சல். கேப்பக் கஞ்சி காச்சி நான்தான் ஊத்துனேன். அன்னிக்கி வேலைக்கிப் போவாதன்னு சொன்னதும் நான்தான். கோர்ட்டுல யாரும் என்னக் கூப்பிட்டுக் கேக்கல. நானும் போலீசு சொன்னத நம்பிக்கினேன்."

மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். பஸ்ஸில் வரும்போது வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். கையைக் கூப்பினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. என்னிடம் பேசுகிற மாதிரியும் இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஜெயில்லேருந்து ரெண்டு தபா ஆளு வந்துது. என்னயும் கொழந்தையயும் ஒரே ஒரு தபா பாக்கணும்னு சொல்லியனுப்புனாரு. எந்தம்பியக் கொன்னவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொல்லி, வந்த ஆளுமேல மண்ண வாரி எறிஞ்சேன். அந்த ஆளு போய் அவருகிட்ட அதச் சொல்லியிருப்பான் இல்ல?"

முப்பது வருஷம் மற்றவர்கள் பேச்சை எடுத்துச் சொல்லியே பிழைத்தவன் நான். சொல்லியிருக்க மாட்டான் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். அதுகூட வரவில்லை.

பாயைச் சுருட்டிக்கொண்டே, "போங்க, பஸ்ஸு போயிடும்" என்றார்.

வந்துவிட்டேன்.

அண்ணன்,
நடராசன்